மீனுக்கு எந்த மெத்தை?

வீட்டுக் கூடத்தில் கடல் மீன் வளர்க்க வேண்டுமென்று ஆசை கொள்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மீன் அழகாயிருக்கும்?" என்பதுதான். அடுத்தபடியாகத் தொட்டியின் நீள அகலங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். பிறகு விளக்கு, பிறகு ஜலத்தைச் சுழலச் செய்யும் யந்திரம். எல்லாவற்றையும் வாங்கி முடித்து, கொண்டு வந்த பணத்தில் முக்கால்வாசி கரைந்து போன சமயத்தில், "அடியிலே பரப்ப மணல் வேண்டாமா, ஸார்?" என்று கடைக்காரர் நினைவூட்டுகிறார். "ஆமாம், மறந்தே போனேன்! இரண்டு பை போடுங்கள். நல்ல வெள்ளையாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி விடுகிறார்கள்.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒத்துவராத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மங்கிய விளக்கைக் கழற்றி வேறு விளக்கு மாட்டலாம். யந்திரம் பழுதானால் பழுது பார்க்கலாம். அடியில் பரப்பிய மணலை மாற்றுவதோ, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவதற்குச் சமானம். பாறைகளை வெளியே எடுக்க வேண்டும். மீன்களைப் பிடித்து வேறு பாத்திரத்தில் விட வேண்டும். மாதக்கணக்கில் அடியில் தங்கிய கசடெல்லாம் கிளம்பி ஜலத்தில் கலந்து விடும். அந்தக் கலக்கத்தில் உயிரிழந்த மீன்கள் கொஞ்ச நஞ்சமல்ல. ஆகவே, முதலில் தீர யோசிக்க வேண்டிய பொருளைக் கடைசியில் அவசரமாக வாங்குவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைவாசிகளுக்குக் கண்ணாடிக்குள்ளே கடலைப் பார்ப்பது புதிதன்று. மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல் மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டு, 1942-ல் யுத்த காலத்தில் மூடப்படும் வரையில் ஜனங்களை மகிழ்வித்து வந்தது. கடற்கரையிலே இருக்கும் காட்சிசாலைக்குக் கடல் பக்கத்து வீடு. நமது கூடத்தில் வைக்கும் தொட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதனுடைய கடல் முழுவதும் நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்ற விஷயங்களெல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

தொட்டியில் ஒரு மீன் இருக்கிறது. அது சாப்பிடுகிறது. சாப்பிட்ட பிறகு நடக்க வேண்டியதும் நடக்கிறது. சமுத்திரத்தில் அது ஒரு பொருட்டல்ல. தொட்டியிலோ, மீன் சுவாசிக்கும்போது செவுள் வழியாகக் கழிக்கும் அம்மோனியாவும், கழிவும், மிஞ்சிய இரையும் அழுகி உண்டாகும் அம்மோனியாவும் சேர்ந்து, அது நீந்தும் ஜலத்தையே விஷமாக்கத் தொடங்குகின்றன. இந்தச் சிறு பட்டணத்துக்கு முனிசிபாலிடி கிடையாது. ஆனாலும் ஒரு சுகாதார இலாகா உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அதன் சிப்பந்திகள். ஒரு வகுப்பார் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறார்கள். அதுவும் மீனுக்கு ஆகாத பொருள்தான். இரண்டாம் வகுப்பார் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறார்கள். இது அவ்வளவு கொடியதன்று. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் பவழங்கள் வாடும், பாசி படரும். இவ்விரு வகுப்பாருக்கும் பிராணவாயு தேவை. மூன்றாம் வகுப்பார் ஒரு மாதிரியானவர்கள். பிராணவாயு இல்லாத இருட்டறையில்தான் அவர்கள் நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்புவார்கள்.

இந்தச் சிப்பந்திகளுக்கெல்லாம் குடியிருக்க இடம் வேண்டுமல்லவா? ஒவ்வொரு மணல் துகளின் மேற்பரப்பும் அவர்களுக்கு ஒரு வீடு. மணல் எவ்வளவு பொடியோ, அவ்வளவு வீடுகள் அதிகம். மேல் அடுக்கில் ஜலம் ஓடுவதால் பிராணவாயு கிடைக்கிறது; ஆழம் போகப் போக அது குறைந்து, அடியில் இல்லாமலே போகிறது. இவ்விதம் இரண்டு மூன்று அங்குல மணலுக்குள்ளேயே வெளிச்சமான மாடியும் இருட்டான நிலவறையும் அமைந்து விடுகின்றன. "நல்ல வெள்ளையாக இருக்கட்டும்" என்று நாம் அலட்சியமாக வாங்கும் சரக்கு எவ்வளவு பெரிய உத்தியோகம் பார்க்கிறது, பாருங்கள்!

இந்த உத்தியோகத்தை மணலுக்குத்தான் கொடுக்க வேண்டுமா என்பதில் தேர்ந்தவர்களிடையே நெடுநாளாக விவகாரம் நடந்து வந்திருக்கிறது. முன்னாளில், துளையுள்ள ஒரு தட்டை அடியில் வைத்து, அதன் மேல் பொடித்த பவழக் கற்களைப் பரப்பி, கல்லினூடே ஜலத்தைக் கீழ்நோக்கி இழுக்கச் செய்வார்கள். அம்மோனியாவை ஒழிப்பதில் அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அழுக்கெல்லாம் கல்லிடுக்கில் போய்ச் சேர்ந்து, வருஷம் இரண்டானதும் தட்டுக்கு அடியில் ஒரு சாக்கடையே உற்பத்தியாகி விடும். 1961-ல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளையும் சிறிது காற்றுக் குமிழியையும் கொண்டே தொட்டியைத் தெளிவாக வைத்துக் காட்டிய முறையை ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். நுண்ணுயிர்கள் பாறையின் துவாரங்களிலும் வாழும் என்பது அதனால் விளங்கிற்று. பின்னர் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் பாறையையும், ஜலத்தின் அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஒரு கருவியையும் மட்டும் நம்பி, "மணலே வேண்டாம், வெறுங் கண்ணாடியே போதும்" என்ற கட்சியை ஏற்படுத்தினார்கள்.

அதற்கு நேர் எதிரான கட்சி மொனாக்கோவில் பிறந்தது. ழான் ஜோபேர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, 1980-களில், தொட்டியின் அடியில் ஜலம் மட்டும் அசையாமல் நிற்கும் ஒரு சிறு வெளியை விட்டு, அதற்கு மேலே கனமாக மணல் பரப்பும் முறையைக் கையாண்டார். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க விலங்கியல் நிபுணர் ரொனால்ட் ஷிமெக், அடியில் வெளிகூட வேண்டாம், சர்க்கரை போன்ற பொடி மணலை நான்கு அங்குலத்துக்கு மேல் கொட்டி, அதில் புழு பூச்சிகளைப் பெருக விட்டால் அவையே மணலைக் கிளறிச் சுத்தம் செய்து கொள்ளும் என்று வாதித்தார்.

இரு கட்சியிலும் அழகான தொட்டிகள் இருக்கின்றன; இரு கட்சியிலும் பாழாய்ப் போன தொட்டிகளும் இருக்கின்றன. நமக்கு எந்தக் கட்சியிலும் பரிபூரண விசுவாசம் ஏற்படவில்லை. வெறுங் கண்ணாடித் தளம் சுத்தத்துக்கு நிகரில்லாதது. நோயுற்ற மீனையும் புதிதாக வந்த மீனையும் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டிக்கு அதைத் தவிர வேறெதுவும் கூடாது. அங்கே மணல் போட்டால் நோய்க் கிருமிக்கு ஒளிய இடம் கொடுத்ததாகும், சுண்ணாம்பு மணல் மருந்தையும் உறிஞ்சி விடும். ஆனால் கூடத்தில் வருவோர் போவோரெல்லாம் பார்க்கும் தொட்டியில் வெறுங் கண்ணாடியைப் பார்த்துக் கொண்டிருப்பது, பாயில்லாத கல்யாணப் பந்தலைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஆழ்ந்த மணலோ பொறுமைசாலிகளுக்கு உரியது. அதன் அடியில் கந்தகம் கலந்த, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகக் கூடும். சும்மா விட்டால் அது அங்கேயே அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்த பையன் விளையாட்டாகக் குச்சியை விட்டுக் கிளறினால் வினைதான்! அன்றியும், பல ஆண்டுகள் சென்றபின் அந்த மணலில் சேர்ந்து போன கசடை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

சாதாரணக் குடும்பத்துக்கு, முதல் தொட்டிக்கு, ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையில் மணல் போதும் என்று தயங்காமல் சொல்வோம். ரப்பர் குழாயால் வாரத்துக்கு ஒரு பகுதியாக அழுக்கை உறிஞ்சி எடுக்கக் கூடிய ஆழம் அதுதான். மூன்றாம் வகுப்பு நுண்ணுயிர்களுக்கு அதில் போதிய இடம் இராதே என்றால், அந்த வேலையைப் பாறைத் துவாரங்களுக்கும், மாதந்தோறும் சிறிது ஜலம் மாற்றும் நமது கைக்கும் விட்டு விடலாம்.

எடைக் கணக்கையும் இங்கேயே பார்த்து விடுவோம். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பினால், அது சரியாக ஒரு கன அடி. எடை ஏறக்குறைய 40 கிலோ. ஐந்து அங்குலம் பரப்பினால் 100 கிலோ ஆகிவிடும். பாறையும் ஜலமும் கண்ணாடியும் இதற்கு மேல். மாடிவீட்டில் மர ஸ்டாண்டின் மேல் தொட்டியை வைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறைக்கு இரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, துகள் எந்த அளவில் இருக்க வேண்டும்? இதற்கு அளவுகோல் தேட வேண்டாம். சமையலறைக்குப் போனால் போதும். அரிசி மாவு போன்றது ஒரு வகை. பார்க்க மிருதுவாயிருக்கும், ஆனால் ஜல ஓட்டம் சற்று வேகமாக இருந்தால் புழுதிப் புயலாகக் கிளம்பிப் பவழங்களின் மேல் படிந்து அவற்றை மூச்சு முட்டச் செய்யும். உளுந்து, பட்டாணி அளவில் உடைத்த கற்கள் இன்னொரு வகை. கடைகளில் கோரல் சிப்ஸ் என்று விற்கிறார்கள். ஓட்டத்துக்கு அசையாது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இரையும் கழிவும் விழுந்து, மீனுக்கும் எட்டாமல் குழாய்க்கும் எட்டாமல் அழுகிக் கொண்டிருக்கும். முன்னே சொன்ன சாக்கடையின் பிறப்பிடம் இதுதான். அதன் கூரிய முனைகளும், மணலில் புரளும் பிராணிகளின் வயிற்றைக் கீறிவிடும். சர்க்கரைக்கும் அரிசி நொய்க்கும் இடைப்பட்ட அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரும் அதைச் சுற்றியும் உள்ளதே நடுவழி. அழுக்கு மேலேயே தங்கும். குழாயால் எடுத்து விடலாம். வேகமான ஓட்டம் வேண்டும் பவழங்களை வளர்ப்பவர் இரண்டு மில்லிமீட்டர் வரை போகலாம்.

அளவு தீர்ந்தது. சரக்கு எது என்பதுதான் மிச்சம். இதில் வியாபாரிகளின் வாக்குறுதிகள் பலவாறாக இருக்கின்றன.

"இந்தப் பவழ மணலைப் போட்டால் ஜலத்தின் காரத்தன்மை தானாகவே சரியாயிருக்கும், ஸார்" என்பது அவற்றில் முதன்மையானது. கடல் ஜலம் சிறிது காரமானது, அதன் பி.எச். அளவு 8.1-ஐ ஒட்டி நிற்கும். ஒரு லிட்டரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கும். பவழ மணலும் சிப்பித் தூளும் சலவைக்கல் பொடியும் எல்லாம் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்பின் உருவங்களே. சுண்ணாம்பு கரைந்தால் காரமும் கால்சியமும் கூடும் என்பது உண்மை. ஆனால் எப்போது கரையும்? ஆரோக்கியமான கடல் ஜலத்தில் இந்தச் சரக்கு ஏற்கெனவே கரையக் கூடிய அளவுக்கு மேலேயே கரைந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஜலத்தில் மேலும் சுண்ணாம்பைப் போட்டால், நிறையச் சர்க்கரை போட்ட பாகில் இன்னொரு பிடி சர்க்கரை போட்ட கதைதான். அது அடியிலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டி கெட்டுப் புளிப்பேறினால்தான் ஓரளவு கரையும். மணலின் ஆழத்தில், நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவினால் சிறிது கரைவதும் உண்டு. வளரும் பவழங்கள் எடுத்துக் கொள்ளும் அளவுக்கு அது எந்த மூலை! ஆகவே சுண்ணாம்பு மணல் தீங்கு செய்யாது. சிறு துணையும் செய்யும். ஆனால் ஜலத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிக்காது.

இரண்டாவது பயமுறுத்தல், சாதாரண வெண்மணலைப் பற்றியது. "அதில் சிலிக்கா இருக்கிறது; பழுப்புப் பாசி பிடித்துக் கொள்ளும்" என்பார்கள். வெண்மணல் என்பது பெரும்பாலும் வெள்ளைப் படிகக் கல்லின் தூள்தான். படிகக் கல் கடல் ஜலத்தில் கரைவது இல்லையென்றே சொல்லலாம். புதுத் தொட்டியில் சில வாரங்களுக்குள் பழுப்புப் படலம் படர்வது எந்த மணல் போட்டாலும் நேர்வதுதான். வந்த வழியே போயும் விடும். குடிநீர் வடிகட்டிகளுக்காகச் சலித்து, அளவு பிரித்து விற்கும் படிக மணல் மலிவானது, சுத்தமானது, துகள் ஒரே சீரானது. முத்து வெண்மையை எதிர்பார்க்காதவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம்.

கடற்கரையில் காசில்லாமல் கிடக்கிறதே, ஒரு வாளி அள்ளி வந்தால் என்ன என்று சிக்கனக்காரர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நகரத்துக் கடற்கரை மணலில் என்னென்ன கலந்திருக்கும் என்பதை விவரித்து வாசகர்களின் மாலை உலாவைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. அதல்லாமல், நமது கரையோரங்களில் பல இடங்களில் மணலோடு கருமையான இரும்புத் தாதுத் துகள்கள் கலந்திருக்கின்றன. கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் அதற்குப் பெயர் போனது. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க இப்போது காந்தத் தேய்ப்பான் உபயோகிக்கிறார்கள். இந்தக் கருந் துகள் அந்தக் காந்தத்தில் ஒட்டிக் கொண்டு, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கண்ணாடியில் ஒரு கோடு கிழிக்கும். ஆற்று மணலைப் பற்றியோ பேசவே அச்சமாயிருக்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்கே அது கிடைக்கவில்லை. சாயம் ஏற்றிய பச்சை, ஊதாக் கற்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

கையிலிருக்கும் மணல் சுண்ணாம்பு ஜாதியா, படிக ஜாதியா என்று அறிய, ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் சில துளி காடியை விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. சும்மா இருந்தால் படிகம்.

இவ்வளவும் ஜலத்தின் சௌகரியம். அந்த ஜலத்தில் குடியிருக்கப் போகிறவர்களின் சௌகரியம் எங்கே? கோமாளி மீன் தனக்குப் பிடித்த கடல் தாமரையின் மடியில் படுத்துக் கொள்ளும். தரையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனால் சில ஜாதி மீன்கள் விளக்கை அணைத்ததும் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து போர்த்திக் கொண்டு உறங்குகின்றன. பயந்தாலும் அப்படியே. அவற்றை வெறுங் கண்ணாடியின் மேல் விட்டால், இல்லாத மணலில் பாய்ந்து பாய்ந்து மூக்கை உடைத்துக் கொள்கின்றன. கூரான கல்லின் மேல் விட்டால் தோலைக் கிழித்துக் கொள்கின்றன. இந்த மீனை வாங்கி வந்து, நாலாம் நாள் செத்துப் போயிற்றே என்று வருந்துகிறவர்கள் பலர். அதற்குப் படுக்கை கொடுத்தோமா என்று யோசிக்கிறவர்கள் சிலர்.

மணல் வாசிகளில் எல்லாம் நமக்கு மிகவும் பிடித்தமானது ஒரு கூட்டுக் குடும்பம். விரலைச் சொடுக்கியது போல ஓசை எழுப்பும் ஒரு சிறு இறால் உண்டு. அதற்குக் கண் பார்வை மிகவும் மட்டு. ஆனால் குழி தோண்டுவதில் அபாரத் திறமை. உளுவை இனத்துச் சிறு மீன் ஒன்றுக்குக் கண் கூர்மை. ஆனால் குழி தோண்டத் தெரியாது. இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் நடத்துகின்றன. இறால் நாள் முழுவதும் மணலை வாரி வெளியே தள்ளுகிறது. அப்போது அதன் மீசை மீனின் உடம்பைத் தொட்ட வண்ணமே இருக்கும். அபாயம் வந்தால் மீன் வாலை ஒரு வெட்டு வெட்டும். மறுகணம் இருவரும் வளைக்குள். இந்தக் காட்சியை வீட்டில் காண விரும்புகிறவர், பொடி மணலோடு கொஞ்சம் பொடிக் கல்லையும் சிப்பித் துண்டுகளையும் கலந்து, மூன்று அங்குலமாவது போட வேண்டும். ஒரே சீரான மணலில் வளை சரிந்து கொண்டே இருக்கும். கலப்புச் சரக்கில்தான் கூரை நிற்கும்.

இனிச் சொல்லப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நாம் கருதுவது. பவழ மணல் எங்கிருந்து வருகிறது?

இயற்கையில் அது உண்டாகும் விதமே ஓர் அதிசயம். கிளி மூக்குப் போன்ற வாயுள்ள கிளிமீன் பவழப் பாறையைக் கடித்துச் சுரண்டி, அதிலுள்ள பாசியைத் தின்றுவிட்டு, கல்லை மாவாக்கிப் பின்புறமாகக் கழித்து விடுகிறது. மாலத்தீவுகளில் ஒரு தீவைச் சுற்றியுள்ள பாறைத் திட்டில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அங்கே புதிதாக உண்டாகும் மணலில் பெரும் பங்கு கிளிமீன்கள் தந்ததே என்று கண்டிருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் வெள்ளை வெளேரென்ற மணலில் படுத்துப் புகைப்படம் எடுத்துக் கொள்ளும்போது இந்தச் செய்தியை நினைத்துக் கொள்வார்களோ, என்னவோ! மேலை நாட்டுக் கடைகளில் பேர் பெற்ற இன்னொரு மணல் பஹாமாஸ் தீவுகளைச் சேர்ந்தது. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் அலைகளில் உருண்டு உருண்டு, ஒரு சிறு துகளைச் சுற்றிச் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து, கடுகு போலத் திரண்டது அது. பவழத்தை உடைத்து எடுத்ததன்று. முனையில்லாமல் உருண்டையாயிருப்பதால் மணலில் படுக்கும் மீன்களுக்கு அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது. விலைதான் நம்மைத் தூங்கவிடாது.

நமது மன்னார் வளைகுடாவின் கதை வேறு. அங்கே கரையை ஒட்டி 21 தீவுகள் பவழப் பாறைகள் சூழ வரிசையாக அமைந்திருந்தன. சுண்ணாம்புக்காகவும், கட்டிடங்களுக்காகவும், தொழிற்சாலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் அந்தப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற மதில் குலைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இப்போது ஜலத்துக்குள்ளே மூழ்கிக் கிடக்கின்றன. 1986-ல் இப்பிரதேசம் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் பாறை கட்டும் பவழங்களும், கடல் விசிறி முதலியவையும், மணலைத் தின்று சுத்தம் செய்யும் கடல் அட்டைகளும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பைப் பெற்றன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2016-ல் கடல் ஜலம் அளவு மீறிச் சூடேறி, அங்குள்ள பவழங்கள் வெளுத்து, பல மடிந்தன. வெட்டுக்குத் தப்பியவை வெயிலுக்கு இரையாயின.

இத்தகைய நிலைமையில், மேஜை மேலிருக்கும் தொட்டிக்கு அலங்காரமாக அந்தப் பாறையிலிருந்து ஒரு பை உடைத்து வாங்குவது நியாயமா? "ஒரு பைதானே" என்று சொல்லலாம். இங்கிலாந்தில் அப்படித்தான் தொடங்கிற்று. பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் கடல் தொட்டியைப் பற்றி 1854-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கடற்கரைப் பாறைக் குழிகளில் வாழும் அழகிய ஜீவன்களை அதில் மனங்கவரும்படி வருணித்திருந்தார். படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொருவரும் எடுத்தது கொஞ்சந்தான். 1907-ல் அவருடைய குமாரர் எட்மண்ட் காஸ் தந்தையைப் பற்றி எழுதிய நூலில், தாம் சிறு பிராயத்தில் கண்ட அந்தக் குழிகள் சூறையாடப்பட்டு வெறுமையாகி விட்டதையும், அது தந்தைக்கு எவ்வளவு துயரம் தந்தது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். கடலை நேசித்து எழுதியவரின் எழுத்தே கடற்கரைக்கு எமனாயிற்று!

ஆகையால் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்பு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பையில் ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் அச்சிட்டிருந்தால் பாருங்கள். சாக்கு மூட்டையில், கிளைகிளையான பவழத் துண்டுகள் முழுசாகவே தெரியும்படி இருந்தால், அது மணலல்ல, உடைத்த பாறை. எவ்வளவு மலிவாயிருந்தாலும் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பஹாமாஸ் மணலுக்குப் பணம் இல்லையென்றால் படிக மணல் இருக்கவே இருக்கிறது. மீன்கள் அதன் மேல் சௌக்கியமாகவே வாழ்கின்றன.

வாங்கி வந்ததைக் கழுவிப் பரப்பும் முறையையும் சொல்லி விடுகிறோம். அரிசி களைவது போலத்தான். ஒரு வாளியில் கால் பங்கு மணலைப் போட்டு, குழாய் ஜலத்தை வேகமாகத் திறந்து விட்டுக் கையால் அலசி, கலங்கல் ஜலத்தைக் கொட்ட வேண்டும். எட்டுப் பத்துக் களைவு ஆகும். இரண்டாவதோடு நிறுத்திக் கொள்கிறவர்கள் ஒரு வாரம் பாற்கடலைத் தரிசிக்க நேரும். கடைசிக் களைவுக்கு மட்டும் உப்பும் க்ளோரினும் நீக்கிய சுத்த ஜலம் நல்லது. நுண்ணுயிர்களோடு ஈரமாகவே அடைத்து விற்கும் மணலைக் கழுவக் கூடாது. கழுவினால் விலை கொடுத்து வாங்கிய உயிர்கள் சாக்கடைக்குப் போய்விடும்.

பாறைகளை முதலில் கண்ணாடித் தளத்தின் மேலேயே ஆட்டமில்லாமல் ஊன்றி, பிறகே அவற்றைச் சுற்றி மணலைப் பரப்ப வேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், குழி தோண்டும் பிராணி ஏதாவது அடியில் சுரங்கம் வெட்டி, நள்ளிரவில் பாறை சரிந்து, கண்ணாடி விரிந்து, கூடம் முழுதும் சமுத்திரமாகிவிடும். மணல் பரப்பியானதும் அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, கலந்து வைத்த உப்பு ஜலத்தைத் தட்டின் மேலே மெல்ல ஊற்றிக் கொண்டு வந்தால் குழி விழாது. இரண்டு நாள் கலங்கலாக இருக்கும், தெளிந்து விடும். அதற்குப் பிறகு அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சூனியத்துக்கு வரும் வரையில், சாதாரணமாக நாலிலிருந்து ஆறு வாரம், சுகாதார இலாகாவின் சிப்பந்திகள் குடியேறி வீடு பிடித்துக் கொண்டிருப்பார்கள். அதுவரை தொட்டியில் மணலையும் பாறையையும் ஜலத்தையும் தவிர வேறெதுவும் வேண்டாம். குழந்தைகள் தினம் வந்து "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். பூதக்கண்ணாடி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து மணலை ஒட்டிய கண்ணாடிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறையோடு வந்த புள்ளி போன்ற பூச்சிகளும் நூல் போன்ற புழுக்களும் மூன்றாம் வாரத்துக்குள் அங்கே நடமாடத் தொடங்கியிருக்கும்.